பெர்கூசன் நகரின் அபராதக் கணக்கு

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். கல்வியின் பெருமையைக் காலை முதல் பலரும் இம்மேடையில் நிரம்பக் கூறிவிட்டனர். ஆகவே நாம் அதனை விடுத்து, கடல் கடந்த ஒரு சிறு நகரத்தின் போக்குவரத்து அபராதக் கணக்கை உங்கள் முன் விரித்துவைக்க விழைகிறோம். அமெரிக்க நாட்டுச் செய்தி நமக்கு எதற்கு என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. டாக்டர் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946ஆம் ஆண்டில் கறுப்பினப் பேரறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்களின் நிலையைத் தாம் தொடர்ந்து கற்று வருவதைத் தெரிவித்ததோடு, ஐக்கிய நாடுகள் சபைக்கு அவர்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகளையும் கேட்டார். அவர் படித்த பாடத்தின் ஒரு பிற்காலப் பக்கத்தைத்தான் நாம் இன்று புரட்டுகிறோம்.

மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயி மாநகரை ஒட்டியுள்ள புறநகர் பெர்கூசன். 2010இல் மக்கள்தொகை சுமார் 21,000. 1990இல் அங்கே கறுப்பினத்தவர் நூற்றுக்கு 25 பேர். 2010இல் 67 பேர். அதற்கும் முந்திய காலத்தில் கின்லாக் என்னும் கறுப்பின மக்களின் ஊர் பக்கத்திலேயே இருந்தது. அவ்வூரிலிருந்து பெர்கூசனுக்கு வரும் முக்கியச் சாலையைச் சங்கிலியிட்டு அடைத்திருந்தார்கள். மற்றொரு பாதை பகலில் மட்டும் திறந்திருக்கும். வெள்ளையர் வீடுகளில் பாத்திரம் துலக்கவும் குழந்தை வளர்க்கவும் வருவோர் அதன் வழியே வந்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். 1960களில்தான் இவ்வழக்கம் ஒழிந்தது. இதற்கு மேல் இதனை இச்சபையில் விளக்க வேண்டிய தேவை இல்லை.

2014 ஆகஸ்ட் 9ஆம் நாள் மைக்கேல் பிரவுன் என்னும் 18 வயது கறுப்பின இளைஞர் அவ்வூர்க் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். சாலையின் நடுவே நடந்து சென்றவரை ஓரமாக நடக்குமாறு காவலர் கூறியதில் தொடங்கி, சில நிமிடங்களில் உயிர் போயிற்று. ஊர் கொந்தளித்தது. மத்திய அரசின் நீதி இலாகா 2015 மார்ச் 4ஆம் நாள் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. துப்பாக்கிச் சூட்டைப் பற்றிய அறிக்கை, அக்காவலர்மீது வழக்குத் தொடரச் சான்று போதாது என்றது. மற்றொன்று அந்நகரக் காவல்துறையையும் நகர நீதிமன்றத்தையும் பற்றியது. நாம் பேச வந்தது இந்த இரண்டாவது அறிக்கையைப் பற்றியே.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 2010ஆம் நிதியாண்டில் அந்நகரின் பொது வருவாய் 1 கோடியே 10 லட்சத்து 70 ஆயிரம் டாலர். அதில் அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் 13 லட்சத்து 80 ஆயிரம். அதாவது எட்டில் ஒரு பங்கு. 2015ஆம் நிதியாண்டுக்கு நகரம் தீட்டிய வரவு செலவுத் திட்டத்தில் மொத்தம் 1 கோடியே 32 லட்சத்து 60 ஆயிரம். அபராத வரவு மட்டும் 30 லட்சத்து 90 ஆயிரம். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிட்டது! மக்கள் செய்யப்போகும் குற்றத்தின் அளவை ஆண்டு தொடங்குமுன்பே ரூபாய் அணா பைசாவாகக் கணக்கிட்டு வைக்கும் விந்தையை என்னென்பது? விற்பனை வரி குறைந்துவிட்டது, ஆகவே அபராதச் சீட்டுகளைப் பெருக்குங்கள் என்னும் கருத்தில் நகரின் நிதி அதிகாரி 2010 மார்ச்சில் காவல்துறைத் தலைவருக்கு எழுதிய கடிதமே கிடைத்தது. எத்தனை சீட்டு எழுதினார் என்பதைக் கொண்டே காவலரின் திறமை மதிப்பிடப்பட்டது. ஒரே மனிதரிடம், ஒரே சந்திப்பில், 14 சீட்டுகள் எழுதிய காவலரும் உண்டு.

இனி அச்சீட்டுகள் எவர் தலையில் விழுந்தன என்பதைக் காண்போம். 2012 முதல் 2014 வரை காவலர் நிறுத்திய வண்டிகளை ஓட்டியோரில் நூற்றுக்கு 85 பேர் கறுப்பினத்தவர். அபராதச் சீட்டுப் பெற்றோரில் 90 பேர். கைது செய்யப்பட்டோரில் 93 பேர். மக்கள்தொகையிலோ அவர்கள் 67 பேர்தாம் என்பதை மறவாதீர்கள். "சாலையில் நடந்த முறை" தவறு என்று ஒரு குற்றம் அவ்வூர்ச் சட்டத்தில் இருந்தது. அக்குற்றம் சாட்டப்பட்டவர்களில் 95 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். நடந்ததற்கு அபராதம் 302 டாலர். வீட்டு முன் புல் வளர்ந்திருந்தால் 531 டாலர் வரை.

அவர்கள் மிகுதியாகக் குற்றம் செய்கிறார்கள், அதனால் மிகுதியாகப் பிடிபடுகிறார்கள் என்று வாதிடுவோர் உண்டு. நம் காதுக்கும் பழகிய வாதந்தான். சினத்தால் இதற்கு விடை கூற இயலாது. கணக்கால் கூற இயலும். நிறுத்திய வண்டிகளைச் சோதனையிடும்போது, கறுப்பினத்தவர் சோதிக்கப்படும் வாய்ப்பு வெள்ளையரைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. ஆனால் தடை செய்யப்பட்ட பொருள் அகப்பட்டதோ அவர்களிடம் 26 விழுக்காடு குறைவாகவே. குற்றத்தைத் தேடிய கை குற்றம் இருக்குமிடம் நோக்கிச் சென்றிருந்தால் இவ்வாறு நேருமா? இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. வேகத்தை அளக்க ராடார் என்னும் கருவி இருக்கிறது. கருவியைக் கொண்டு அளந்து எழுதிய சீட்டுகளிலும் இனவேறுபாடு இருந்தது. கருவியை விடுத்துக் காவலர் தம் கண்மதிப்பால் எழுதிய சீட்டுகளில் அவ்வேறுபாடு 48 விழுக்காடு கூடுதலாயிற்று. சட்டப் புத்தகம் ஒன்றே; எழுதுகிறவரின் விருப்பத்திற்கு இடம் விரிய விரிய அநீதியும் விரிந்தது. ஏழாம் வகுப்பில் விழுக்காட்டுக் கணக்கு எதற்கு என்று சலித்துக்கொள்ளும் பிள்ளைகள் இதனைக் கவனிக்க வேண்டும்.

ஒரு கறுப்பினப் பெண்மணியின் வழக்கை அவ்வறிக்கை எடுத்துரைக்கிறது. 2007இல் வண்டியை ஒரு முறை தவறான இடத்தில் நிறுத்தினார். இரண்டு சீட்டுகள், 151 டாலரும் கட்டணமும். வறுமையில் உழன்ற அவருக்கு நிலையான வீடும் இல்லை. தவணை தவறியதற்கும் நீதிமன்றம் வராததற்கும் 2010க்குள் ஏழு புதிய குற்றங்கள் ஏறின. ஒவ்வொன்றுக்கும் தனி அபராதம், பிடியாணை. இரு முறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார். பின்னர் 25 டாலரும் 50 டாலருமாக இரு முறை கட்ட முயன்றார். முழுத் தொகையன்றி ஏற்க மாட்டோம் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது. 2014 டிசம்பர் வரை அவர் கட்டியது 550 டாலர். அப்போதும் பாக்கி எவ்வளவு தெரியுமா? 541 டாலர்! கந்துவட்டிக் கணக்கைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் இங்கே வட்டிக்கடை நடத்தியது நீதிமன்றம். அவ்வாண்டு இறுதியில் 16,000க்கும் மேற்பட்டோர்மீது அந்நீதிமன்றத்தின் பிடியாணைகள் நிலுவையில் இருந்தன. செலுத்த வழியற்றவரை, அவர் நிலையை விசாரியாமல் சிறையிடலாகாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1983லேயே தீர்ப்பளித்திருந்தது!

மற்றொருவர் 2012ஆம் ஆண்டுக் கோடையில் கூடைப்பந்து ஆடிவிட்டுத் தம் வண்டியில் அமர்ந்து களைப்பாறினார். காவலர் வந்து இழிவான பழி கூறிச் சோதனையிட்டு, எட்டுக் குற்றங்களைச் சாட்டினார். அவற்றுள் ஒன்று, மைக்கேல் என்னும் பெயரைச் சுருக்கி மைக் என்று சொன்னது! அவ்வழக்குகளால் மத்திய அரசு சார்ந்த தம் ஒப்பந்த வேலையை அவர் இழந்தார். நிற்க, அதே நகரில் அதிகாரிகள் தம் நண்பர்களுக்கும் உறவினர்க்கும் விழுந்த சீட்டுகளைச் சத்தமின்றித் தள்ளுபடி செய்துகொண்டனர். கறுப்பின மக்களிடம் பொறுப்புணர்ச்சி இல்லை என்று விசாரணையாளரிடம் உபதேசித்தவர்களும் அந்த அதிகாரிகளே.

இவையெல்லாம் எவ்வாறு வெளிப்பட்டன? கறுப்பின மக்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தவைதாம் இவை. வாய்ச்சொல்லாக இருந்தவரை எவரும் செவிசாய்க்கவில்லை. போராட்டம் விசாரணையைக் கொண்டுவந்தது. விசாரணையாளர் 35,000 பக்கங்களுக்கு மேற்பட்ட காவல்துறை ஏடுகளைப் படித்தனர். வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநரின் இனத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்னும் சட்டம் மிசூரி மாநிலத்தில் 2000ஆம் ஆண்டிலேயே வந்திருந்தது. காவலர் தம் கையால் நிரப்பிய படிவங்களே அவர்களுக்கு எதிராகச் சாட்சி கூறின. நம் இளைஞருள் சிலர் காவலர் தேர்வுக்கும், நீதிமன்ற எழுத்தர் தேர்வுக்கும் ஆயத்தம் செய்வதை அறிவோம். பதிவேட்டில் ஒரு கட்டத்தை நிரப்புவது எத்தகைய வேலை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம். காவல்துறைத் தலைவரும் நகர நீதிபதியும் நகர நிர்வாகியும் 2015 மார்ச்சிலேயே பதவி துறந்தனர். போக்குவரத்து அபராத வரவு நகர வருவாயில் 30 விழுக்காட்டுக்கு மிகாதிருக்க வேண்டும் என்றிருந்த உச்சவரம்பை மாநிலம் அவ்வாண்டே 20ஆகக் குறைத்தது. 2016இல் நீதிமன்ற மேற்பார்வையில் சீர்திருத்த உடன்படிக்கை ஏற்பட்டது. 2020 ஜூனில் எல்லா ஜோன்ஸ் என்னும் அம்மையார் அந்நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அபராதம் கட்ட இயலாமல் சிறை சென்றோர் தொடுத்த வழக்கில் 45 லட்சம் டாலர் தருவதாக நகரம் 2024இல் ஒப்புக்கொண்டது.

நோய் முற்றும் தீர்ந்ததா எனில், இல்லை. மாநிலம் முழுவதற்கும் ஆண்டுதோறும் வெளிவரும் வண்டிச் சோதனை அறிக்கைகளில், கறுப்பின ஓட்டுநர்கள் தம் மக்கள்தொகைப் பங்கிற்கு மிகுதியாகவே இன்னும் நிறுத்தப்படுகின்றனர். ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி அட்டவணை அவற்றில் உண்டு. வரும் ஞாயிறு மாலைக் கணக்கு வகுப்பில் அவ்வட்டவணை ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப்போட எண்ணியிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் படிப்போர் குறிப்பேட்டோடு வருவார்களாக.