செலவு எங்கே போகிறது?

பொருளியல் என்பது அறிஞர்க்கு மட்டுமே உரிய கலை என்னும் எண்ணம் பொதுமக்களிடையே பரவியிருக்கிறது. ஆயினும், சந்தையிலே மீன் வாங்கும் இல்லத்தரசியும், மழையை எதிர்நோக்கி விதைக்கும் கமக்காரனும், சீட்டுக் கட்டும் தொழிலாளியும் நாள்தோறும் பொருளியல் முடிவுகளையே செய்து வருகின்றனர். வீட்டுக் கணக்கில் அவர்கள் பெரும்பாலும் தவறுவதில்லை. தவறு நேர்வது நாட்டுக் கணக்கிலேயாம். அரசாங்கம் ஆணையிட்டால் விலை இறங்கும், நோட்டு அச்சிட்டால் செல்வம் பெருகும், நாணயத்தின் மதிப்பைக் கட்டிக் காத்தால் நாட்டின் மானம் நிலைக்கும் என்பன போன்ற கருத்துக்கள் தேர்தல் மேடையிலும் தேநீர்க் கடையிலும் ஒருங்கே கேட்கின்றன. இவை யாவற்றுக்கும் வேர் ஒன்றே. ஒரு பொருளுக்கு உண்டாகும் செலவைக் கட்டளையொன்றினால் இல்லாமற் செய்துவிடலாம் என்னும் நம்பிக்கையே அவ்வேர்.

இலங்கையின் அரிசிக் கதை இதற்கு ஏற்ற சான்றாகும். 1953ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையில் பங்கீட்டு அரிசி கொத்தொன்று 25 சதத்துக்கு விற்கப்பட்டது. அவ்வரிசியை வெளிநாட்டிலிருந்து தருவிக்க ஆன செலவோ அதனினும் மிக அதிகம். இடைவெளியைத் திறைசேரி நிரப்பியது. திறைசேரிக்குப் பணம் வந்த வழிகளுள் முக்கியமானவை தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய ஏற்றுமதிப் பொருள்கள். கொரிய யுத்த காலத்தில் உயர்ந்திருந்த இறப்பர் விலை பின்னர் சரிந்தபோது, மானியத்தைத் தாங்கிய தூணும் தளர்ந்தது. மலிவு அரிசிக்கு விலை கொடுத்தவர் எவருமில்லை என்று எண்ணியிருந்தோர் அப்போதுதான் அதன் செலவைக் கண்டனர்.

ஆனால் தவறு மக்கள் பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. 1953 யூலையில் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின. திறைசேரியின் ஏட்டில் அது செலவுக் குறைப்பாகத் தோன்றியது. உண்மையில் செலவு குறையவில்லை. திறைசேரியிலிருந்து கூலித் தொழிலாளியின் அடுப்பங்கரைக்கு அது இடம் மாறியது. வருமானத்தின் பெரும்பகுதியை அரிசிக்கே செலவிடும் குடும்பத்துக்கு ஒரே இரவில் கூலி உயர்வதில்லை. ஓகஸ்ட் 12ஆந் திகதி எழுந்த ஹர்த்தாலில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். செலவை ஏற்பவர் யார் என்ற வினாவை இரு தரப்பாரும் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த தவறான எண்ணம் கட்டுப்பாட்டு விலையைப் பற்றியது. 2021 செப்ரெம்பர் தொடக்கத்தில் அரிசிக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. நாட்டரிசி கிலோ 98 ரூபாய்க்கு மேல் விற்கப்படலாகாது என்பது ஆணை. பதுக்கல் வணிகரைத் தண்டித்தால் அரிசி வெளிவரும் என்று பலரும் எதிர்பார்த்தனர். பதுக்குவோர் இருப்பது உண்மையே. ஒரு சில ஆலைக்காரர் சந்தையைத் தம் கைக்குள் வைத்திருக்கும்போது அரசாங்கம் தலையிடுவதும் நியாயமே. ஆனால் களஞ்சியங்களைச் சோதனையிடுவதால் வயலில் ஒரு நெற்கதிரும் கூடுதலாக விளையாது. ஆணை விலைக்கு விற்பவர் குறைந்தனர். கடைகளிற் குறித்த அரிசி அரிதாயிற்று. அம்மாத இறுதியிலேயே ஆணை விலக்கப்பட்டு விலை ஏறியது. குறைந்த விலை ஏட்டில் இருந்தபோது மக்கள் கொடுத்த உண்மை விலையில் கடை கடையாய் அலைந்த நேரமும், வரிசையில் நின்றதனால் இழந்த கூலியும் அடங்கும்.

அதே ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டதும் இவ்வகையைச் சேர்ந்தது. உரத்துக்குச் செலவாகும் டொலர் மிஞ்சும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. தடை நவம்பரில் நீக்கப்பட்டபோது காலபோகப் பயிருக்கு உரமிடும் பருவம் வந்துவிட்டது. விளைச்சல் பெரிதும் குறைந்தது. உரத்தில் மிச்சம் பிடித்த டொலர் அரிசி இறக்குமதிக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

இனி, நோட்டு அச்சிடுவதைப் பற்றிய எண்ணம். நோட்டு என்பது பொருள் மீதுள்ள உரிமைச் சீட்டு. நூறு மூடை நெல்லுக்கு நூறு சீட்டு இருந்த ஊரில் மேலும் நூறு சீட்டு வழங்கினால் நெல் இருநூறு மூடையாகாது. ஒவ்வொரு சீட்டுக்கும் கிடைக்கும் நெல் குறையும். வேலையற்றோரும் இயங்காத ஆலைகளும் மிகுந்திருக்குங் காலத்தில் புதுப் பணம் உற்பத்தியைத் தூண்டக்கூடும் என்பதும் உண்மை. ஆனால் உற்பத்திக்கு வேண்டிய எரிபொருளும் மூலப்பொருளும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய நாட்டில் அத்தூண்டுதலுக்கு எல்லை விரைவில் வந்துவிடும். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வரி குறைந்ததென்று மக்கள் மகிழ்ந்தனர். அரசாங்கத்தின் செலவு அவ்வாறு குறையவில்லை. துண்டு விழுந்த தொகையின் ஒரு பகுதியை மத்திய வங்கி புதுப் பணத்தால் நிரப்பியது. வரியாகக் கட்டாத பணத்தை மக்கள் பின்னர் விலையேற்றமாகக் கட்டினர். இந்த மறைமுக வரி சம்பளக்காரரையும் ஓய்வூதியக்காரரையும் மற்றெவரிலும் கடுமையாகத் தாக்கியது. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்கு இவ்வாறு நேரடியாகக் கடன் வழங்குவதைத் தடை செய்தமைக்குக் காரணமும் இதுவே.

நாணய மாற்று விகிதத்தை மானத்தின் அளவுகோலாகக் கொள்வது மற்றொரு மயக்கம். 2021 செப்ரெம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாயென நிறுத்தி வைக்கப்பட்டது. வெளிச்சந்தையில் அதற்கு மேலான விலை கிடைத்தமையால், கடல் கடந்து உழைப்போர் வங்கியை விட்டு உண்டியல்காரரை நாடினர். வங்கிகளின் வழியே 2020இல் 710 கோடி டொலர் வந்தது. 2021இல் அது ஏறத்தாழ 550 கோடியாகவும், 2022இல் ஏறத்தாழ 380 கோடியாகவும் வீழ்ந்தது. 2022இல் வெளிநாட்டு வேலைக்குச் சென்றோர் தொகையோ மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டது. உழைத்தவர் கூடியும் வங்கிக்கு வந்த பணம் குறைந்தது. ஏட்டில் ரூபாய் வலிமையோடு இருந்த காலத்தில் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாதொழிந்தது. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதும் நிறுத்தப்பட்டது. மே மாதத்தில் டொலரொன்று ஏறத்தாழ 360 ரூபாயாயிற்று. சிறிது சிறிதாக ஏற்றிருக்க வேண்டிய செலவு ஒரே வீச்சில் வந்து விழுந்தது.

இறுதியாக, இன்றும் வீடுதோறும் எழும் வினா ஒன்றுண்டு. பணவீக்கம் குறைந்துவிட்டதென்று அமைச்சர் சொல்கிறார். சந்தையில் விலை குறையவில்லையே, இதில் எது பொய்? இரண்டும் உண்மையே. பணவீக்கம் என்பது விலையின் உயரமன்று. விலை ஏறும் வேகம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி 2022 செப்ரெம்பரில் அவ்வேகம் ஆண்டுக்கு 69.8 வீதம். 2023 செப்ரெம்பரில் 1.3 வீதம். 2021இல் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருட்கூடை ஓராண்டில் ஏறத்தாழ 170 ரூபாயாகி, அடுத்த ஆண்டில் 172 ரூபாயாகியது. ஏற்றம் தணிந்தது, ஏறிய விலை இறங்கவில்லை. இதனை உணர்ந்தவர், பணவீக்கம் தணிந்த செய்தியோடு நிறைவடையமாட்டார். அவ்விரண்டாண்டில் கூலி 100 ரூபாயிலிருந்து எவ்வளவு ஆயிற்று என்பதையே அடுத்துக் கேட்பார். 172க்குக் கீழே நின்ற கூலிக்காரர் வறியவராகிவிட்டார். அவருடைய இழப்பைப் பணவீக்கக் கணக்கு மட்டும் காட்டாது.

குடிமக்கள் எல்லோரும் பொருளியல் நூல்களைக் கற்றுத் தேறவேண்டும் என்பதில்லை. வாக்குக் கேட்டு வருபவர் எத்திட்டத்தைச் சொன்னாலும், இதன் செலவை ஏற்பவர் யார், எப்போது ஏற்பார், அவரால் அதைத் தாங்க முடியுமா என்னும் மூன்று வினாக்களைக் கேட்டால் போதும். மானியம் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் இம்மூன்றுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவராவர். சந்தையிலே மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கும் இல்லத்தரசிக்கு இந்த விழிப்பு புதிதன்று. வீட்டுக் கணக்கிலே காட்டும் அவ்விழிப்பை நாட்டுக் கணக்கிலும் அவர் காட்டுவாராயின், எளிதில் அவரை ஏமாற்ற இயலாது.