ஏரிப் புறம்போக்கில் ஒரு காலை நடை
(வேங்கிக்காலில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சித்திரை வெயில் ஏறுமுன் ஏரிப் புறம்போக்கில் நடந்து, கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதினோம். எருக்கிலைகளில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்கள். நஞ்சுப்பாலுள்ள எருக்கிலையே அவற்றிற்கு உணவு; ஆதலின் பறவைகள் தீண்டத் தயங்குகின்றன. நாம் ஆவாரை என்றெழுதிய செடியை, ஆடு மேய்க்கும் மூதாட்டியார், "ஐயா, அது பொன்னாவாரை" எனத் திருத்தினார். பட்டப்படிப்பு அங்கே உதவவில்லை!

ஆள்காட்டிப் பறவை மரத்தில் கூடு கட்டுவதில்லை; கோடையில் வெறுந்தரையில், கற்களிடையே மண்ணிற முட்டைகளை இடுகிறது. வண்டல் மண் எடுப்பதும் இக்கோடையில்தான். உழவர்க்கு வண்டல் வேண்டும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் முட்டை பொரிய 4 வாரமாகும். குறிப்பேட்டிலுள்ள 3 இடங்களை விட்டு, மதகுப் பக்கத்திலிருந்து தொடங்குக. நாளைக் காலை 6 மணிக்கு அவ்விடங்களைக் காட்டுவோம், வண்டியோட்டிகளும் வருக.