புது ரயிலும் மீன் கூடையும்
(பழவேற்காடு மீனவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜப்பான் ரயில் நமக்குப் புதிதல்ல. 1964-ல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. அதே காலத்தில் ஜப்பான் மின்சார எஞ்சின்கள் சென்னைக்கும் வந்தன. தாம்பரம் தொழிலாளர்கள் அவற்றைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து, மீட்டர் கேஜ் பாதையில் 2004 வரை ஓட்டினார்கள். நல்ல எஞ்சினோடு நமக்கென்ன பகை?

இன்று மும்பை-ஆமதாபாத் 508 கிலோமீட்டருக்கு ஜப்பான் கடனில் பாதை போடுகிறார்கள். பொன்னேரி ஸ்டேஷனுக்குக் கூடை சுமக்கும் நம் பெண்களின் விஷயம் வேறு.

2020 மார்ச்சில் பாசஞ்சர் வண்டிகள் நின்றன. திரும்பி வந்தபோது பலவற்றுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அதே தண்டவாளம், அதே பெட்டி. குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ஆயிற்று. பெயருக்கு இருபது ரூபாய்! (சிரிப்பு) ஜனங்கள் விடாமல் கேட்டார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது.

கும்மிடிப்பூண்டி புறநகர் வண்டிக்கு அந்தத் தொல்லை வரவில்லை, உண்மைதான். இறாலும் நண்டும் ஏற்ற வியாபாரிகள் பெட்டியும் அதில் உண்டு. ஆனால் 2025 ஏப்ரலில் கடற்கரை-செங்கல்பட்டு மார்க்கத்தில் குளிர்சாதன வண்டி விட்டார்கள். சாதாரண வண்டியில் டிக்கெட் 5 ரூபாயில் தொடங்குகிறது. அதில் 35 ரூபாய்.

நம் மார்க்கத்துக்கும் அது வரலாம். வரட்டும்! பழைய வண்டியை நிறுத்தாதே, கூடைப் பெட்டியைக் குறைக்காதே என்று இப்போதே மனு கொடுப்போம். கையெழுத்துத் தாள் முன்வரிசையில் இருக்கிறது, தாய்மார்கள் முதலில் போடுங்கள்.