திரும்பும் வண்டியும் திரும்பாத நெஞ்சமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

பிறநாட்டு இலக்கியத்தில் காதல் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். பெருங்காவியம் ஒன்றை எடுத்துக்கொள்வேன் என்று சிலர் எண்ணியிருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ, திறனாய்வாளர் பலர் ஏறெடுத்தும் பாராத ஓர் எளிய இலக்கிய வகை. வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் மரங்கள் அருகிய பெரும்புல்வெளி ஒன்று பரந்து கிடக்கிறது. அங்கே 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை ஓரமாக முளைத்த சிற்றூர்களைக் களமாகக் கொண்டு, படிப்போர்க்கு இறைநம்பிக்கையும் வாழ்க்கைமீது பிடிப்பும் உண்டாகவேண்டும் என்னும் நோக்கோடு எழுதப்படும் வரலாற்றுக் காதற் புதினங்களையே குறிப்பிடுகின்றேன்.

இவற்றைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம்பிக்கையூட்ட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு எழுதினால், எழுத்து பொய்யாகிவிடாதா? நல்லவர்களையே பாடினால் கவிதை நீர்த்துப் போகாதா? இந்த வினா நம் வட்டத்தின் கூட்டங்களில் பலமுறை எழுந்திருக்கிறது. அதற்கு விடை தேட இப்புதினங்கள் நல்ல களமாக அமைகின்றன.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். முதல், கரு, உரி என்று பகுத்துப் பார்ப்பது நமக்குப் பழக்கமான முறைதானே? 1862ஆம் ஆண்டில் அமெரிக்க நடுவண் அரசு இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று குடியேற்ற நிலச் சட்டம். 160 ஏக்கர் நிலத்தில் ஐந்தாண்டு குடியிருந்து உழுது பயிரிட்டால், சிறு கட்டணத்தோடு அந்நிலம் சொந்தமாகும். மணமாகாத பெண்களும் இவ்வாறு நிலம் கோரலாம். மற்றொன்று, கண்டத்தைக் குறுக்கே கடக்கும் இருப்புப்பாதைக்கான சட்டம். அப்பாதை 1869 மே 10ஆம் நாள் யூட்டாப் பகுதியில் இணைக்கப்பட்டது. அதன் பின்னர்க் கிளைப் பாதைகள் புல்வெளியெங்கும் பரவின.

அங்கே ஊர்கள் ஆற்றங்கரையிலும் கோயிலைச் சுற்றியும் தாமாக வளரவில்லை. இருப்புப்பாதை நிறுவனங்கள் நிலப்படத்தில் கோடு கிழித்து ஊர்களை நட்டன. உழவன் ஒருவன் கோதுமை மூட்டைகளைக் குதிரைவண்டியில் ஏற்றிவந்து விற்றுவிட்டு, அன்றே வீடு திரும்பவேண்டும். நீராவி எஞ்சினுக்கும் ஆங்காங்கே தண்ணீர் வேண்டும். ஆகவே ஏறத்தாழ ஏழு முதல் பத்து மைலுக்கு ஓர் ஊர். நிலையம், தண்ணீர்த் தொட்டி, தானியக் கிடங்கு, ஒரே ஒரு கடைத்தெரு, ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம். அதற்கப்பால் காற்றும் புல்லும்.

இந்நிலத்துக்குரிய உணர்ச்சி யாது? காத்திருத்தல். முல்லைக்கு உரிய இருத்தல் என்றே சொல்லலாம். ஆனால் நாள்தோறும் ஒரு புகைவண்டி வந்து நின்று, கிழக்கே போகிறவர்கள் ஏறிக்கொள்ளலாம் என்று ஊதுகிறது. இருத்தலுக்குரிய நிலத்தின் நடுவே, பிரிதலுக்குரிய கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. இப்புதினங்களில் உயிருள்ளவை அனைத்தும் இந்த முரணிலிருந்து பிறந்தவை என்பதே நான் இன்று சொல்ல வந்த கருத்து. 'நான் உன்னை விரும்புகிறேன்' என்று சொல்லும் இடம் அக்கதைகளில் பெரிய இடமன்று. 'நீ போவதானால் போகலாம். வழிச்செலவை நான் தருகிறேன்' என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லும் இடமே பெரிய இடம்.

இந்த வகைக்கு இக்காலத்தில் வழிவகுத்த நூல் ஜேனட் ஓக் எழுதி 1979இல் வெளிவந்த 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' என்னும் புதினம். 1935இல் கனடாவின் ஆல்பர்ட்டா புல்வெளியில் பிறந்தவர் அவர். மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்துவரும் வழியில் மார்ட்டி என்னும் இளம்பெண் கணவனை இழக்கிறாள். அடக்கம் நடந்த அன்றே கிளார்க் என்பவன் அவளிடம் வருகிறான். அவன் மனைவியை இழந்தவன். தாயற்ற பெண்குழந்தையை வைத்துக்கொண்டு தவிப்பவன். குழந்தைக்குத் தாயாக இருக்கும்பொருட்டுப் பெயரளவில் மணந்துகொள்ளுமாறு கேட்கிறான். இளவேனில் வந்ததும் அவள் விரும்பினால், கிழக்கே திரும்பும் வண்டித் தொடரில் செல்லச் செலவு தருவதாகவும் உறுதி கூறுகிறான். இருப்புப்பாதைக்கு முந்திய காலத்துக் கதைதான் அது. ஆனால் பின்வந்த எத்தனையோ புகைவண்டி ஊர்க் கதைகளுக்கு அந்த ஒரு வாக்குறுதியே அச்சாணி. பனிக்காலம் கழிகிறது, வண்டி புறப்படும் பருவம் வருகிறது, அவள் போகவில்லை. போக வழியிருந்தும் போகாமையால்தான் அது காதல் ஆகிறது.

இது வெறும் கற்பனைதானா என்று கேட்பீர்கள். கற்பனையின் வேர் எங்கிருந்தது என்பதைக் காண டகோட்டாப் பகுதிக்குச் செல்வோம். அங்கே 1880இல் சிக்காகோ–நார்த் வெஸ்டர்ன் இருப்புப்பாதை நிறுவனத்தால் உருவான ஊர் டி ஸ்மெட். அப்பாதை வேலையில் கணக்கராக இருந்த சார்லஸ் இங்கல்ஸ் என்பவரின் மகள் லாரா. அவர் 1867இல் பிறந்தவர். தம் இளமையைப் புதினங்களாக எழுதத் தொடங்கி, முதல் நூலை 1932இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 65. முதுமையைக் காரணம் காட்டி எழுதுகோலை மூடிவைக்க நினைக்கும் நம் உறுப்பினர்கள் இதைச் சற்றே குறித்துக்கொள்ளலாம்!

ஊர் தோன்றிய முதல் ஆண்டிலேயே கொடும்பனிக்காலம் வந்தது. 1880 அக்டோபரில் தொடங்கிய பனிப்புயல்கள் அடுத்த ஆண்டின் வேனில் வரை ஓயவில்லை. தண்டவாளத்தின்மேல் பனி மலைபோல் குவிந்தது, வண்டிகள் நின்றன. விறகும் நிலக்கரியும் தீர்ந்தபின் உலர்ந்த புல்லை முறுக்கி எரித்தார்கள். மாவு தீர்ந்தபின் காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு இயந்திரத்தில் கோதுமையை அரைத்துத் தின்றார்கள். ஊர் பட்டினியின் விளிம்பில் நின்றபோது, பனிவெளிக்கு அப்பால் எங்கோ ஒரு குடியானவனிடம் கோதுமை இருப்பதாகக் கேள்விப்பட்டு, இரண்டு இளைஞர் சறுக்குவண்டி கட்டிச் சென்று வாங்கி வந்தனர். ஒருவர் கேப் கார்லண்ட். மற்றவர் அல்மான்சோ வைல்டர். 1940இல் வந்த 'தி லாங் விண்டர்' இந்தப் பனிக்காலத்தின் கதை. கிறித்துமசுக்கு வரவேண்டிய வான்கோழி மே மாதத்து வண்டியில் வந்து சேர, மே மாதத்திலேயே கிறித்துமசு கொண்டாடி மகிழும் குடும்பத்தோடு நூல் முடிகிறது.

காதல் மலர்வதை 1943இல் வந்த 'தீஸ் ஹேப்பி கோல்டன் இயர்ஸ்' சொல்கிறது. லாரா ஊரிலிருந்து 12 மைல் தொலைவில் ஒரு சிறு பள்ளியில் முதன்முதலாக ஆசிரியை ஆகிறாள். தங்கியிருக்கும் வீடோ நரகம். அவ்வீட்டுத் தலைவி புல்வெளியை வெறுப்பவள். கிழக்கே திரும்ப ஏங்குபவள். ஓர் இரவு கையில் கத்தியோடு கணவனின் அருகே நின்று, ஊருக்கு அழைத்துப் போ என்று அவள் வற்புறுத்தும் காட்சி, இளையோர்க்கான நூலில் எதிர்பாராத கடுமை உடையது. அவளைப் பேயாகச் சித்திரித்துவிட்டு நகர்வது எளிது. திரும்பும் வழி அடைபட்ட பெண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதன் சான்றாகவே நான் அவளைக் காண்கிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அல்மான்சோ கடுங்குளிரில் சறுக்குவண்டி ஓட்டிவந்து லாராவை வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். அவள் நேர்மையானவள். 'வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காகவே உம்மோடு வருகிறேன். பள்ளி முடிந்தபின் வரமாட்டேன்' என்னும் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறாள். சொன்னபின் அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வருவானா? வருகிறான். அதுவும் உறைபனிக் குளிர் உச்சத்தில் இருந்த நாளில் வருகிறான். கைம்மாறு இல்லை என்று தெரிந்தும் வண்டி கட்டியவனை அவள் அன்றுதான் அறிந்துகொள்கிறாள் என்று நான் படிக்கின்றேன். பள்ளி முடிந்து அவள் வீடு திரும்பியபின், தெருவில் பிறர் வண்டிகளின் மணியோசை கேட்கிறது. அவன் வாசலில் வந்து நின்று வருகிறாயா என்று கேட்க, அவள் மறுக்கவில்லை. இதில் அழகிய வருணனை இல்லை, உவமை இல்லை. வந்த வண்டியும், ஏற மறுக்கும் உரிமையும், பின்பு ஏறிய மனமும்தான் இருக்கின்றன.

1885 ஆகஸ்டு 25ஆம் நாள் அவர்கள் மணந்தனர். கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்னும் சொல்லை மணச்சடங்கிலிருந்து விட்டுவிடவேண்டும் என்று லாரா கேட்பதாகவும், அல்மான்சோ இசைவதாகவும் புதினம் சொல்கிறது. போகவிடும் காதலின் இயல்பான தொடர்ச்சி அது.

வழக்கமான காதற் புதினம் இங்கே முடிந்துவிடும். நம் வினா இங்கேதான் தொடங்குகிறது. மணத்துக்குப்பின் நடந்ததை லாரா எழுதினார், ஆனால் வெளியிடவில்லை. 1957இல் அவர் மறைந்தபின், 1971இல் 'தி ஃபர்ஸ்ட் ஃபோர் இயர்ஸ்' என அது அச்சேறியது. உழவனை மணக்க விருப்பமில்லை என்று சொன்ன பெண், மூன்றாண்டு முயன்று பார்ப்போம் என்னும் உடன்பாட்டின்மேல் இல்லறம் தொடங்குகிறாள். முதல் ஆண்டே, அறுவடைக்கு நின்ற கோதுமையை ஆலங்கட்டி மழை இருபது நிமிடத்தில் அழித்துவிடுகிறது. மழை ஓய்ந்ததும், விழுந்து கிடக்கும் பனிக்கட்டிகளைத் திரட்டி ஐஸ்கிரீம் செய்யலாம் என்கிறான் கணவன்! கடனும் தொடர்ந்தது. 1888இல் தொண்டை அடைப்பான் நோய் இருவரையும் தாக்கியது. அல்மான்சோவின் நடை அதன்பின் பழையபடி ஆகவே இல்லை. 1889 ஆகஸ்டில் பச்சிளம் மகன் இறந்தான். அதே மாதத்தில் வீடும் தீப்பற்றி எரிந்தது. 1894இல் அவர்கள் டகோட்டாவை விட்டே வெளியேறி மிசௌரி மாநிலத்தில் குடியேறினர்.

ஆக, புல்வெளி அவர்களை ஏற்கவில்லை. ஐந்தாண்டு இருந்தால் நிலம் உனதே என்ற அரசின் வாக்குறுதி அவர்கள் வாழ்வில் தோற்றது. தோற்காதது ஒன்றுண்டு. 1949இல் அல்மான்சோ மறையும்வரை 64 ஆண்டுகள் அவர்கள் சேர்ந்தே இருந்தார்கள். எந்த நிலத்தில் தங்கினார்கள் என்பதைக் காட்டிலும் யாரோடு தங்கினார்கள் என்பதே பொருளாயிற்று. ஆலங்கட்டியை ஐஸ்கிரீமாக்கிய கணவனை ஏட்டில் வைத்த கை, பயிர் அழிந்ததையும் மறைக்காமல் எழுதியது. இரண்டும் ஒருசேர இருப்பதால்தான் அந்த நம்பிக்கையை நான் நம்புகிறேன்.

எனினும் இவ்வகை நூல்களின் குறையையும் சொல்லாமல் விடலாகாது. அந்தப் புல்வெளி ஆளில்லாத வெளி அன்று. டகோட்டா மக்கள் உள்ளிட்ட தொல்குடியினர் வாழ்ந்த மண் அது. அவர்களை ஒதுக்கித் தள்ளியும், அவர்தம் வாழ்வாதாரமான காட்டெருமைகளை அழித்தும்தான் இருப்புப்பாதை அங்கே ஊன்றியது. காதற் புதினங்களில் பெரும்பாலானவை இதைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. லாராவின் நூல்களில் தொல்குடியினரைக் குறித்து வரும் பகுதிகள் பின்னர்க் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயின. அவர் பெயரால் வழங்கப்பட்டுவந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரை, 2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரிவு மாற்றியமைத்தது. அதுபோலவே, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877இல் கான்சஸ் புல்வெளியில் நிக்கோடீமஸ் என்னும் ஊரை அமைத்தனர். 1888இல் இருப்புப்பாதை அவ்வூரை விட்டு விலகிச் சென்றது, கடைகள் பெயர்ந்தன, ஊர் மெலிந்தது. அங்கும் காதலர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்குப் போகவும் வரவும் வண்டியே நிற்கவில்லை. அவர்கள் கதைக்கு இவ்வகையில் கிடைத்த இடம் மிகச் சிறிது.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நமக்குக் கிடைப்பது யாது? நம்பிக்கையூட்டும் எழுத்து தன்னளவில் பொய்யன்று. அது எதை மறைத்து நம்பிக்கையூட்டுகிறது என்பதே உரைகல். காதலிக்கு வேறு வழியே இல்லாத கதையில், அவள் தங்கிவிட்டாள் என்று எழுதுவது காதலாகாது. அது சிறைக்குச் சூட்டிய பூமாலை. வழிச்செலவைக் கையில் கொடுத்துவிட்டு, குளிரையும் பசியையும் இழப்பையும் உள்ளபடி எழுதிவிட்டு, அதன்பின்னும் அவள் இருந்தாள், அவன் வந்தான் என்று எழுதமுடியுமானால், அந்த எழுத்து எளிய மொழியில் இருந்தாலும் தலைவணங்கத்தக்கது. காதலைப் பாடும் நம் கவிஞர்கள், தம் கவிதைத் தலைவிக்கு அந்த வழிச்செலவைக் கொடுத்திருக்கிறோமா என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டுகிறேன்.

இவ்வட்டத்தில் யாரையும் யாரும் பிடித்துவைக்கவில்லை. பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் நீங்கள் விரும்பி வந்து கூடுகின்றீர்கள்.