கோடு கண்டால் நடக்கும் கால்

(அந்தியூரில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்றைக்கு நாம் பேச வந்தது சாமியைப் பற்றியல்ல, காலைப் பற்றி. ஆனால் நம் நாட்டில் காலைப் பற்றிப் பேசப் புகுந்தாலும் சாமி வந்து குறுக்கே நின்றுகொள்ளுகிறது. என்ன செய்வது?

உதறுவாதம் கண்ட கிழவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கை நடுங்கும், முகம் அசைவற்றிருக்கும், நடை குறுகிப்போகும். சிலருக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். அதிலும் வாசற்படியண்டையில், திரும்புகிற இடத்தில், ஆள் நெருக்கத்தில் அதிகமாக நிற்கும். மேனாட்டார் இதைப் பார்க்கின்சன் வியாதி என்கிறார்கள். 1817-ல் இதை விளக்கி எழுதிய இலண்டன் வைத்தியரின் பெயர் அது. அவர் எழுதியது ஆறே பேரைப் பற்றி. அவர்களிலும் சிலர் தெருவில் கண்டவர்கள்தான். அந்த மனிதர் அரசாங்கத்தைக் கண்டித்துப் புனைபெயரில் துண்டுப்பிரசுரம் எழுதி, 1794-ல் பிரிவி கவுன்சிலின் முன் விசாரிக்கப்பட்டவர் என்பதைக் கேட்டால் உங்களில் பலருக்குச் சந்தோஷமாயிருக்கும்.

நிற்க, இந்த வியாதியில் ஓர் அதிசயம் உண்டு. சமதரையில் நாலடி வைக்கமாட்டாத அப்பாரு மாடிப்படியில் ஏறிவிடுவார். உடனே வீட்டில் என்ன சொல்லுகிறார்கள்? "படியேறத் தெரிகிறது, சாப்பிட வரத் தெரியவில்லையா? எல்லாம் வேஷம்" என்கிறார்கள். சலித்துச் சொல்லும் மருமகளை நாம் குறை கூறவில்லை. கிழவரைத் தூக்குவது, குளிப்பாட்டுவது அத்தனையையும் அவள் ஒருத்தி தலையில் கட்டிவிட்டுத் திண்ணையில் நியாயம் பேசுகிற ஆண்பிள்ளைகளைத்தான் சொல்லுகிறோம்.

இன்னொரு கூட்டத்தார் கிழவரை மலைக்கோவிலுக்கு அழைத்துப் போகிறார்கள். சென்னிமலைக்கோ மருதமலைக்கோ போனால் அங்கே படிகள் இருக்கின்றன. கிழவர் பத்துப் படி ஏறிவிட்டால், "பார்த்தாயா மகிமையை!" என்கிறார்கள். வீடு திரும்பி வாசலில் மறுபடியும் கால் நின்றுவிட்டால், வேண்டுதலில் குறை என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஏறவைத்தது அருளானால் அது படியோடு நின்றுவிட்டு, சமதரைக்கு ஏன் கூட வரவில்லை? அதே அருள் பாங்கியின் மாடிப்படியிலும் சினிமாக் கொட்டகைப் படியிலும் இருக்கிறதே, அது எப்படி?

வேஷமுமில்லை, அருளுமில்லை. பவானியில் ஜமக்காளம் நெய்கிறவரைப் பாருங்கள். தொழில் பழகும்போது கண்ணால் பார்த்துப் பார்த்து மிதியை மிதித்தார். பழகினபின் கால் தானே மிதிக்கிறது. நாம் நடப்பதும் அப்படித்தான். இந்தத் தானாக நடக்கும் வேலையை நடத்துவதில் மூளையின் அடிப்பகுதியிலுள்ள சில நரம்பு முடிச்சுகளுக்குப் பெரும் பங்குண்டு. அவற்றுக்கு டோபமின் என்னும் பொருளை அனுப்புகிற கருநிறமான இடம் ஒன்றிருக்கிறது. இவ்வியாதியில் அந்த இடத்து உயிரணுக்கள் அழிந்துபோகின்றன. காலில் பலமிருக்கிறது, "அடுத்த அடி, இவ்வளவு நீளம்" என்று தானாகப் போகவேண்டிய கட்டளைதான் போவதில்லை.

ஆனால் கண் வழியாக வேறொரு பாதை உண்டு. படி ஒவ்வொன்றும், இங்கே காலை வை என்று கண்ணுக்குச் சொல்லுகிறது. படி இல்லாவிட்டால் தரையில் குறுக்கே போட்ட கோடும் அதையே சொல்லும். பர்டன் மார்ட்டின் என்னும் இலண்டன் நரம்பு வைத்தியர் இதை 1967-ல் ஒரு புத்தகத்தில் எழுதினார். 1999-ல் ஜப்பானில் கியோட்டோ ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளை ஓடும் பட்டையின்மேல் நடக்கவிட்டு, மூளையில் எப்பகுதிக்கு இரத்தம் அதிகம் போகிறதென்று படமெடுத்தார்கள். நெடுக்குக் கோட்டோடு ஒப்பிட, குறுக்குக் கோட்டைப் பார்த்து நடக்கும்போது நடை சீரானது. கண்ணால் கண்டதற்கேற்பக் காலையும் கையையும் ஏவுகிற மூளையின் பக்கவாட்டு முன்பகுதியும் அப்போது அதிகமாக வேலை செய்தது. பழக்கத்தின் பாதை கெட்டபோது பார்வையின் பாதை கைகொடுக்கிறது, அவ்வளவுதான் மகிமை!

நம் நாட்டிலும் இதைக் கண்டு பயன்படுத்தியவர் உண்டு. புனேயைச் சேர்ந்த மிலேஹா சோனேஜி என்னும் பெண்மணி, தம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் படியில் ஏறி இறங்குவதையும் சமதரையில் தவிப்பதையும் பார்த்தார். அப்பெரியவர் நடக்கும் தரையில் படிக்கட்டுபோல் தோன்றும் படத்தை ஒட்டிவைத்தார், அவர் நடந்தார். 2015-ல் இதை ஒரு மேடையில் விளக்கினார்.

இதையும் ஒரு மந்திரமாக்கிவிடாதீர்கள். கோடு வியாதியைத் தீர்க்காது. கோடு முடிந்த இடத்தில் கால் மறுபடியும் நிற்கலாம். எல்லோருக்கும் ஒரேமாதிரி பலிப்பதுமில்லை. நரம்பு வைத்தியரிடம் காட்டி மருந்து சாப்பிட்டே ஆகவேண்டும். முக்கிய மருந்தான லெவோடோபா நம் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையிலும் இருக்கிறது. 1937-லேயே தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் சென்னையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்காக விதையை இடித்துத் தின்னப் புறப்படாதீர்கள். அளவு தப்பினால் கெடுதல்.

இனி, வீட்டில் செய்யக்கூடியது. ஜமக்காளத்தில்தான் கோடு இருக்கிறதே, அதை விரித்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது, அதில் கால் தடுக்கி விழுவார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வியாதியைவிட அது பெரிய கேடு. தரையிலேயே தீட்டவேண்டும். பொங்கலுக்குச் சுவரில் காவியும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாக அடிக்கிறோமே, அதில் கொஞ்சம் கிழவர் நடக்கும் வழிக்கும் ஆகட்டும். கட்டிலிலிருந்து கழிப்பறைக்கும், வாசற்படிக்கு இருபுறமும், அவர் நடக்கும் திக்குக்குக் குறுக்காக, இரண்டு விரல் அகலத்தில், தரையின் நிறத்துக்கு மாறான நிறத்தில் போடுங்கள். இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை அடி. ஆளின் உயரத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இராத்திரியில் விளக்கு இருக்கவேண்டும், கண்ணுக்குத் தெரியாத கோட்டால் பயனில்லை.

வெளியில் கால் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, அவசரப்படுத்தவும் கூடாது. சற்று நிற்கச் சொல்லி, உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்கு முன் குறுக்கே வைத்து, இதைத் தாண்டுங்கள் அப்பாரு என்று சொல்லுங்கள். கால் எழுந்ததும் உங்கள் பாதத்தை எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புக் கோடு போடுகிறவர்கள் அது நன்றாகக் காய்ந்தபிறகே அவரை அதன்மேல் நடக்கவிடுங்கள், ஈரத்தில் வழுக்கும்.