மிதிவண்டி காட்டிய யமுனை

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேச வல்லார் பலர் இருக்க, மிதிவண்டி ஏறிச் சுற்றியவர்களுக்கும் இம்மேடையில் சிறிது நேரம் ஒதுக்கிய செயற்குழுவினருக்கு எங்கள் நன்றி. பேசுபவர் ஒருவரேயாயினும், மயூர் விகாரில் வாழும் ஐந்து குடும்பத்தாரின் அனுபவம் இது. ஆதலின் ‘நாங்கள்’ என்றே சொல்லுகின்றோம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு வந்ததை நாம் எவரும் மறந்திலோம். மார்ச்சு 22இல் நின்ற தில்லி மெட்ரோ ரயில் செப்டம்பர் 7இல்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஜூன் மாதத்தில் தடைகள் தளர்ந்தபோதும், இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை எவரும் வெளிச்செல்லலாகாது என்னும் விதி இருந்தது. நொய்டா எல்லையும் மூடிக் கிடந்தது. எஞ்சியது மேற்கே ஓடும் யமுனை ஒன்றே. படிக்கட்டின் கீழ்த் துருவேறிக் கிடந்த மிதிவண்டிகளைத் துடைத்து, எண்ணெயிட்டு, காற்றடைத்து, ஐந்து மணி அடித்ததும் பிள்ளைகளோடு புறப்பட்டோம்.

வெட்கத்தோடு ஒன்று கூறவேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கு வாழ்ந்தும், ஆற்றைப் பாலத்தின் மீதிருந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே கண்டவர்கள் நாங்கள். ஆடிப் பதினெட்டன்று குழாய் நீரைக் குடத்தில் பிடித்து, மஞ்சளும் குங்குமமும் இட்டுக் காவிரியென வணங்கினோம். அருகில் ஓடுவதும் ஓர் ஆறு என்று எண்ணினோமில்லை.

புஷ்தா என்று இவ்வூரார் வழங்கும் கரையணையைக் கடந்து, மண்பாதையில் இறங்கினால் வேறோர் உலகம். சுரையும் பீர்க்கும் வெண்டையும் விளைந்த பாத்திகள். அவற்றினிடையே ஒற்றையடிப் பாதைகள். நாணல் ஓரம் மீன்கொத்தியும் நீர்க்காகமும். ஓரிடத்தில் மணலில் சக்கரம் புதைய, வண்டியைத் தோளில் சுமந்து நடந்தோம். பிள்ளைகளுக்கு அதுவே பெருங்களிப்பு.

அவ்வாண்டு யமுனை தெளிந்தது எனச் செய்தித்தாள்கள் எழுதின. ஆலைகள் மூடியிருந்ததும், நீர் சற்று மிகுந்து வந்ததும் அதற்குக் காரணங்கள். ஆயினும் வீட்டுக் கழிவுநீர் ஒரு நாளும் நிற்கவில்லை; ஆகவே அத்தெளிவும் நிலைக்கவில்லை. 1,376 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாற்றில், வசீராபாத்து முதல் ஓக்லா வரையுள்ள 22 கிலோமீட்டர், நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆற்றின் மாசில் பெரும்பங்கு சேர்வது அச்சிறு தொலைவில்தான். அதில் நம் வீட்டுச் சாக்கடையும் உண்டு என்பதைப் பிள்ளைகள் கேட்டபோது மறுக்க இயலவில்லை.

பாத்திகளுக்கு நீர் பாய்ச்சிய முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு முகமன் கூறினார். உத்தரப் பிரதேசத்து பதாயூன் பகுதியிலிருந்து வந்து, அங்கே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுபவர். நோய் தொடங்கிய மார்ச்சு மாத இறுதியில், நம் குடியிருப்பின் அருகுள்ள நெடுஞ்சாலை வழியே ஆயிரமாயிரம் தொழிலாளர் மூட்டைகளோடு ஊர் நோக்கி நடந்தனரே, “நீங்கள் ஏன் போகவில்லை?” என்று கேட்டோம். “பயிர் நிற்கிறதே, ஐயா!” என்றார். நாம் வாசலில் வாங்கிய கீரை எங்கிருந்து வந்தது என்பதை அன்றுதான் அறிந்தோம். அவரும் நம்மைப் போல் ஊர் விட்டு வந்தவரே. நாம் படிப்பைக் கொண்டு வந்தோம். அவர் மண்வெட்டியைக் கொண்டு வந்தார்.

2023ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், பழைய இரும்புப் பாலத்தருகே யமுனை 208.66 மீட்டர் உயர்ந்து, 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டர் அளவையும் கடந்தது. நாங்கள் வண்டி ஓட்டிய பாதைகள் யாவும் நீரில் மூழ்கின. கரையோர மக்கள் ஆடுமாடுகளோடு சாலைக்கு ஏறிக் கூடாரங்களில் தங்கினர். குடியிருப்பினர் சிலர் முகஞ்சுளித்தனர். எங்கள் பிள்ளைகளோ, “அந்தத் தாத்தா எங்கே?” என்று தேடி ஓடினர். மறுநாள் எங்கள் ஐந்து வீட்டு அடுப்பிலும் அவர்களுக்கும் சேர்த்தே உலை வைத்தோம். மிதிவண்டிப் பயணத்தால் நாங்கள் பெற்ற பேறு இதுவே: முகந்தெரியாத கூட்டம் எங்களுக்கு முகந்தெரிந்த மனிதரானது.

அன்பர்களே! காவிரியையும் தாமிரபரணியையும் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் உண்ணும் கீரை விளையும் ஆற்றை அறியாதவன், எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அவ்வூரில் விருந்தினனே. திங்கள்தோறும் ஒரு ஞாயிறு விடியலில் சங்கத்துப் பிள்ளைகளை மிதிவண்டியில் கரைக்கு அழைத்துச் செல்ல முன்வருகின்றோம். உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். இயன்றால் நீங்களும் வாருங்கள். வண்டிக்குக் காற்றடித்துத் தரும் பொறுப்பு எங்களுடையது.