முதியோர் இல்லச் சட்டமும் எங்கட பெற்றோரும்

(பார்க்டேல் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் சட்டம் படித்தவன் அல்ல. ஏ.எல். உடன் படிப்பு நின்று, இப்ப தொழிற்சாலையில் இரவு வேலை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு கிழமையும்தான் ஒன்ராறியோவின் முதியோர் இல்லச் சட்டத்தை அகராதியோட இருந்து வாசிக்க வேண்டி வந்தது.

அது 2021இல் நிறைவேறி, 2022 ஏப்ரல் 11இல் நடைமுறைக்கு வந்தது. 2020இல் கொரோனா நேரம் சில இல்லங்களுக்குள் இராணுவத்தையே இறக்கினார்கள். (எங்களுக்கு ஆமி எண்டா வேற நினைவு. இங்கே அவை வயது போனவைக்குச் சாப்பாடு தீத்தினவை.) பிள்ளைகளை வாசலில் மறித்தார்கள். அதனால்தான், உடல், மன, சமூக, உணர்வு நலனுக்காகத் தன்னைப் பராமரிக்கிறவரின் தொடர்ச்சியான உதவியைப் பெறுவது அங்கே வசிப்பவரின் உரிமை எண்டு சட்டத்தில் எழுதியிருக்கு. பக்கத்தில் இருந்து தமிழில் கதைச்சுச் சாப்பாடு தீத்துறது சலுகை இல்லை.

2025 மார்ச் 31க்குள் நாளுக்குச் சராசரி 4 மணித்தியாலம் நேரடிப் பராமரிப்பு எண்டும் இலக்கு வைத்தார்கள். சராசரிக் கணக்கு எப்பிடிப் போடுறது எண்டு தொழிற்சாலையில் நிக்கிற எங்களுக்குச் சொல்லித்தர வேணுமே!

ஆனால் அதே 2022 ஓகஸ்டில் இன்னொரு சட்டம் வந்தது. வைத்தியம் முடிந்தும் இடமில்லாமல் ஆஸ்பத்திரியில் இருப்பவரிடம் முதலில் சம்மதம் கேட்க வேணும். கிடைக்காவிட்டால், அது இல்லாமலே இல்லம் தெரிவு செய்யலாம், மருத்துவ விபரம் அனுப்பலாம். தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரை. இங்கிருந்து ஹமில்ரன் அதற்குள் அடங்கும். இடம் கிடைத்து டிஸ்சார்ஜ் பண்ணின பிறகும் போகாமல் இருந்தால், 2022 நவம்பர் 20 முதல் நாளுக்கு 400 டொலர். என்ர இரண்டு நாள் உழைப்பிலும் கூட.

எங்களுக்குக் காட்டின பட்டியலில் ஒரு இல்லத்திலயும் தமிழ் கதைக்க ஆளில்லை. 400 டொலர் எண்டதும் அம்மா பேனையைக் கேட்டா. பிள்ளைக்குக் கடன் வரக்கூடாதாம். இதைச் சம்மதம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

ஒண்டு தெரிஞ்சிருங்கோ: சம்மதம் இல்லாமல் ஆளைத் தூக்கிக்கொண்டு போக இந்தச் சட்டம் அதிகாரம் தரேல்லை. வேற இல்லத்துக்குப் போனாலும், விரும்பின இல்லத்தின் காத்திருப்புப் பட்டியலில் பெயரை வைத்திருக்கக் கேளுங்கோ. பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதேங்கோ, மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. வசதி குறைந்த முதியோருக்கு இலவச சட்ட ஆலோசனை தர, ரொறன்ரோவில் அட்வகசி சென்ரர் ஃபோர் த எல்டர்லி இருக்கு.

ஆஸ்பத்திரிக் கூட்டங்களுக்குக் குடும்பத்தோட கூடப்போகச் சங்கத்தில் நாலு பேராவது வேணும். எனக்குப் பகலில் நேரம் இருக்கு. என்ர பெயரை முதலில் எழுதுங்கோ. மற்றவை மண்டபத்தை விட்டுப் போகமுதல் செயலாளரிட்டைப் பெயர் குடுங்கோ.